பக்கம் புரட்டினால் வேலை மாறுமா?

புத்தகக் காட்சியில் சுயமுன்னேற்ற நூல்கள் அடுக்கிய மேசை அருகே சற்று நேரம் நின்று பாருங்கள். புரட்டுகிறவர்கள் மாணவர்கள் மட்டும் அல்ல. முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள், அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து நேராக வந்தவர்கள் அங்கே நிற்கிறார்கள். கோடீஸ்வரர் ஆகும் வழி அவர்களுக்கு வேண்டாம். 'இதே நாற்காலியில் இன்னும் இருபது வருடமா?' என்பதற்கு ஒரு பதில் கிடைத்தால் போதும். வீட்டில் கேட்டால், "மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். மேலாளரிடம் வாயைத் திறக்கவே முடியாது. எதிர்க்கேள்வி கேட்காத ஒரே துணை புத்தகம்தான் என்று நம்பி நானூறு ரூபாய் கொடுக்கிறார்கள்.

ஆனால் இந்த வகையில் உருப்படியான புத்தகம் எதிர்க்கேள்வி கேட்கும். பத்துப் பக்கம் எழுத வைக்கும். பிறகு, என்னை மூடிவிட்டு வெளியே போய் நாலு பேரைப் பார் என்று விரட்டும். விரட்டாத புத்தகத்தைப் படிப்பதில் சுகம் உண்டு, வேலை மாறாது. ஒரு புத்தகத்தை முடித்ததும் அடுத்ததைத் தேடத் தோன்றுகிறதா, யாரிடமாவது போய்ப் பேசத் தோன்றுகிறதா என்பதை வைத்தே அதை எடைபோட்டுவிடலாம்.

இந்தத் துறையில் அரை நூற்றாண்டாக விற்றுக்கொண்டிருக்கும் புத்தகத்தை எழுதியவர், வேலை பறிபோன ஒரு பாதிரியார். ரிச்சர்ட் போல்ஸ். எம்.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் தொடங்கி, ஹார்வர்டில் இயற்பியல் பட்டம் வாங்கி, அப்புறம் எபிஸ்கோபல் திருச்சபையில் குருவானவர். 1968-இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் நிதி போதவில்லை என்று அவரை நிறுத்திவிட்டார்கள். வயது 41, பிள்ளைகள் நான்கு பேர். பல மாதம் அலைந்த பின் கிடைத்த வேலை, கல்லூரி வளாகங்களில் ஊழியம் செய்யும் பாதிரியார்களை ஊர் ஊராகச் சென்று பார்ப்பது. போன இடமெல்லாம் அவர் கதையேதான். அவர்களுக்கும் வேலை போய்க்கொண்டிருந்தது. வேறு தொழில் தெரியாது, மறுபடி படிக்கப் பணமும் கிடையாது. 'இனி என்ன செய்ய?' என்று அவரைக் கேட்டார்கள்.

போல்ஸுக்கும் தெரியவில்லை. போகிற ஊரிலெல்லாம் விசாரித்தார். வேலை மாறி நன்றாக இருப்பவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று கேட்டுக் கேட்டுத் திரட்டி, 1970-இல் நகலெடுத்துத் தம் செலவிலேயே வெளியிட்டார். தலைப்பு, 'உங்கள் பாராசூட்டின் நிறம் என்ன?' வேலையிலிருந்து குதித்துவிடப் போகிறேன் என்று சொன்னவர்களிடம் அவர் விளையாட்டாகக் கேட்ட கேள்வி அது. 1972-இல் பெர்க்லியைச் சேர்ந்த டென் ஸ்பீட் பிரஸ் அதை எடுத்துப் பதிப்பித்தது. அதற்கு முன் அந்தப் பதிப்பகம் பெயர் வாங்கியது ஒரு சைக்கிள் ரிப்பேர் கையேட்டால். பொருத்தம்தான், போல்ஸின் புத்தகமும் ஒரு ரிப்பேர் கையேடுதான். ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1975 முதல் ஏறத்தாழ ஆண்டுதோறும் அதைத் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார் அவர். 2017-இல், 90 வயதில் இறந்தார்.

புத்தகத்தின் நடுநாயகம் ஒரு பூ. ஏழு இதழ்கள். எப்படிப்பட்ட மனிதர்களோடு வேலை செய்ய விருப்பம், எப்படிப்பட்ட சூழலில், என்னென்ன திறமைகளைக் கொண்டு, எந்த அறிவை வைத்து, எந்த ஊரில், எவ்வளவு சம்பளத்துக்கு, எதற்காக? ஒவ்வொன்றையும் எழுதி நிரப்ப வேண்டும். இதில் திறமை இதழ் மட்டும் சுலபத்தில் நிரம்பாது. 'எனக்கு என்ன வரும்?' என்று யோசித்தால் நமக்கு ஒன்றும் தோன்றாது, அல்லது பயோடேட்டாவில் இருப்பதே தோன்றும். அதனால் போல்ஸ், உங்கள் வாழ்க்கையில் நீங்கள் ரசித்துச் செய்து முடித்த ஏழு காரியங்களைக் கதையாக எழுதச் சொல்கிறார். அலுவலகக் காரியமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதிவிட்டு, அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் வினைச்சொற்களைப் பொறுக்கச் சொல்கிறார்.

ஒரு வங்கி ஊழியர் என்று வையுங்கள். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைக் கணக்குப் பார்த்ததை ஒரு கதையாக எழுதுகிறார். கணக்கு என்றுதான் தொடங்குவார். எழுதிக்கொண்டு போனால், பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பங்காளிகளை ஒரே திண்ணையில் உட்கார வைத்ததுதான் அவர் அங்கே செய்த பெரிய வேலை என்று தெரியவரும். அடுத்த கதையிலும் அதே வந்தால், அவர் இருபது வருடமாகத் தப்பான கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். வங்கியையே விட வேண்டும் என்றில்லை. கடன் தீர்வு, கிளை நிர்வாகம், பயிற்சி என்று அதற்குள்ளேயே இடம் இருக்கலாம்.

பூ வரைவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நம்மைப் பற்றி நாமே எழுதிப் பார்ப்பதில் ஒரு போதை உண்டு. அடுத்த அத்தியாயத்தில் அந்நியர்களைச் சந்திக்க வேண்டும் என்று வரும்போது புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது.

வெளியே விரட்டாத புத்தகங்களிலும், மாற வேண்டியது உன் மனம் மட்டும்தான் என்கிற ஒரு பிரிவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 1998-இல் வந்த ஸ்பென்சர் ஜான்சனின் 'ஹூ மூவ்டு மை சீஸ்?' அந்தப் பிரிவின் தலைவர். பாலாடைக்கட்டி இடம் மாறிவிட்டது, புலம்பாமல் புதியதைத் தேடு என்று இரண்டு எலிகளையும் இரண்டு குட்டி மனிதர்களையும் வைத்துச் சொல்கிற கதை. நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்தன. ஆட்குறைப்பு நடக்கும் இடத்தில் இதைக் கையில் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று பார்பரா எஹ்ரன்ரைக் 2009-இல் ஒரு புத்தகத்தில் கடுமையாகவே கேட்டார். கட்டியை நகர்த்தியவர் யார் என்ற கேள்விக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. மனிதவளத் துறை இலவசமாகக் கொடுக்கும் சுயமுன்னேற்ற நூலைச் சற்றுத் தள்ளியே வைப்பது நல்லது.

எல்லாம் மனதில்தான் இருக்கிறது என்கிற இந்த மரபு தமிழுக்கு வந்த கதை வேறு மாதிரி. ஜேம்ஸ் ஆலன், தந்தை அமெரிக்காவில் கொல்லப்பட்டதால் பதினைந்து வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போன ஆங்கிலேயர். 1903-இல் வெளிவந்த அவருடைய சிறு நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. ஆலனின் வேறு சில நூல்களையும் மொழிபெயர்த்தார். சிறையில் செக்கிழுத்தவரை அந்த எழுத்து தாங்கிப் பிடித்தது என்றால் அதைக் குறைத்துப் பேச நமக்குத் தகுதி இல்லை. ஆனால் 1912 டிசம்பரில் விடுதலையானவருக்கு வழக்கறிஞர் சனது இல்லை, கப்பல் கம்பெனியும் இல்லை. மனம் எப்படிப்பட்டது என்று அவர் நிரூபித்தாகிவிட்டது. வாழ்வு அதைப் போல அமையவில்லை. சென்னையிலும் கோவையிலும் வறுமை. சனது திரும்பக் கிடைத்தது, அவரை முன்பே அறிந்திருந்த வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால். அந்த நன்றியில் ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஒருவருடைய தொழில் வாழ்க்கையில் மனம் எவ்வளவு, அரசு எவ்வளவு, தெரிந்த மனிதர் எவ்வளவு என்பதற்கு இதைவிட நேர்மையான பாடத்தை எந்த சுயமுன்னேற்ற நூலிலும் நான் பார்க்கவில்லை.

தெரிந்த மனிதர் விஷயத்துக்குக் கணக்கும் இருக்கிறது. 1970-ஐ ஒட்டிய காலத்தில் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்தார். யாரோ ஒருவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு தடவையோ, அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். கல்யாண வரவேற்பில் வரிசையில் நிற்கும்போது பார்த்துப் பேசுகிற பழைய கல்லூரிக்காரருக்குத்தான் நமக்குத் தெரியாத இடங்கள் தெரியும்.

போல்ஸ் இதை ஆய்வாகச் சொல்லாமல் வீட்டுப்பாடமாகக் கொடுத்தார். வேலை கேட்டுப் போகாதீர்கள். அந்த வேலையைப் பற்றிக் கேட்கப் போங்கள் என்பது அவர் வழி. நான்கு கேள்விகள் போதும். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்? இதில் ரொம்பப் பிடித்தது என்ன? பிடிக்காதது என்ன? இதே வேலை செய்யும் வேறு யாரை நான் பார்க்கலாம்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பணத்தை மிச்சப்படுத்தும். இயற்கை விவசாயத்துக்குப் போகிறேன் என்று கிளம்பும் கணினிப் பொறியாளர், தண்ணீருக்கும் கூலி ஆளுக்கும் பட்ட பாட்டை ஒரு விவசாயி வாயால் அரை மணி நேரம் கேட்டாலே பாதி முடிவு தெளிந்துவிடும்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. அப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் வக்கீல், ஆடிட்டர், டாக்டர் என்று இருக்கும் வீட்டுக்காரருக்கு அந்த நான்காவது கேள்வியே தேவைப்படாது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவருக்கு முதல் ஆளையே பிடிக்க முடியாது. சாதியும் ஊரும் போட்டுவைத்த வலையில் சிலர் பிறக்கும்போதே இருக்கிறார்கள். அமெரிக்கப் புத்தகங்கள் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் பட்டியல், முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து வெளியேறியவர்கள், லிங்க்ட்இன் என்று ஒவ்வொருவராகத் தேடி, "சார், இருபது நிமிஷம் போதும், வேலை கேட்க வரலை" என்று எழுதத்தான் வேண்டும். பத்துப் பேருக்கு எழுதினால் எல்லோரும் பதில் போட மாட்டார்கள். ஆனால் தன் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் மகிழ்ச்சி அடையாத மனிதர் குறைவு.

போல்ஸோடு நான் முரண்படும் இடமும் உண்டு. முதலில் உன்னை அறி, பிறகு தேடு என்கிற வரிசை அவருடையது. 2003-இல் ஹெர்மினியா இபார்ரா, தொழில் மாறிய 39 பேரைத் தொடர்ந்து பார்த்து எழுதிய 'வொர்க்கிங் ஐடென்டிட்டி' அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அவர்கள் யாரும் அறையில் உட்கார்ந்து தம்மை அறிந்துகொண்டு எழுந்தவர்கள் அல்ல. வாரக் கடைசியில் ஒரு சிறு வேலை, ஒரு வகுப்பு, புதுப் பழக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்த்ததில்தான் எது தனக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொண்டார்கள். எனக்கு இதுவே உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. மனதுக்குப் பிடித்ததைத் தேடி ஓடாதே, கையில் இருக்கும் தொழிலில் பிறர் தேடிவரும் அளவுக்குத் தேர்ச்சி பெறு, அதை வைத்துப் பேரம் பேசு என்று 2012-இல் கால் நியூபோர்ட் எழுதியதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தேர்ச்சியை மதிக்கும் மேலாளர் வாய்த்தவருக்குத்தான் அது பலிக்கும்.

பணத்துக்கு வருவோம். போல்ஸின் பூவில் சம்பளம் ஓர் இதழ். நம் ஊரில் அதை முதலில் நிரப்பிவிட வேண்டும், அதுவும் தனியாக உட்கார்ந்து அல்ல. மளிகை, பால், டியூஷன் ஃபீஸ், அம்மாவின் மருந்து என்று மாதக் கணக்கு யாருக்குத் தெரியுமோ அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வீட்டுக் கடன் தவணை இன்னும் எத்தனை வருடம்? அலுவலக மருத்துவக் காப்பீடு போனால் அப்பாவுக்குத் தனியாக எடுக்க எவ்வளவு ஆகும்? பணிக்கொடைக்குரிய காலம் நிறைந்துவிட்டதா? நோட்டீஸ் காலம் எத்தனை நாள்? சம்பளமே வராமல் எத்தனை மாதம் தள்ள முடியும்? பில் பர்னெட், டேவ் எவன்ஸ் என்ற ஸ்டான்ஃபோர்டு ஆசிரியர்கள் 2016-இல் எழுதிய புத்தகத்தில் அடுத்த ஐந்து வருடத்துக்கு மூன்று திட்டம் எழுதச் சொல்வார்கள். இப்போதைய வழி தொடர்ந்தால், அது திடீரென்று இல்லாமல் போனால், பணமும் பிறர் பேச்சும் ஒரு பொருட்டே இல்லை என்றால். மூன்றாவதைக் கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதி மாற்றிக்கொண்டு படித்தால் சில வீடுகளில் அன்றைக்கு இரவு சாப்பாடு தாமதமாகும். ஆனாலும் எழுதிப் பார்க்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று வருடம் நகர முடியாது என்று முடிவுக்கு வருகிறவர்களே அதிகம் இருப்பார்கள். அவர்களுக்கு ஆமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் 2001-இல் எழுதிய ஆய்வு உதவும். இருக்கிற வேலையை ஓரங்களில் நாமே மாற்றி அமைத்துக்கொள்வது பற்றியது அது. அவர்கள் காட்டிய உதாரணங்களில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களும் உண்டு. அவர்களில் சிலர் நோயாளிகளிடம் பேசி, அவர்கள் தேவையைக் கவனித்து, தம் வேலையை நோயாளி குணமாவதன் ஒரு பகுதியாகவே பார்த்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊரில் ஒப்பந்தக் கூலிக்கு, உரிய கையுறைகூட இல்லாமல் வேலை செய்கிறவரிடம் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு முதலில் வேண்டியது பணி நிரந்தரமும் சட்டப்படியான சம்பளமும்.

குளிரூட்டிய அறையில் சலித்து உட்கார்ந்திருப்பவருக்கு இது தாராளமாகப் பொருந்தும். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில், எந்த வேலை செய்தபோது நேரம் போனது தெரியவில்லை, எதைத் தொட்டதும் கொட்டாவி வந்தது என்று குறித்துக்கொள்ளலாம். முதல் வகையில் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்கி, இரண்டாவது வகையில் ஒன்றை, அதில் விருப்பமுள்ள சக ஊழியரிடம் மாற்றிக்கொள்ளப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதா, வாடிக்கையாளரிடம் நேரில் போவதா, அறிக்கை எழுதுவதா என்பது அவரவர் நோட்டைப் பொறுத்தது. மேலாளரிடம் இதைக் கேட்க ஆண்டு மதிப்பீடு முடிந்த அடுத்த வாரம் தோதானது. முந்தைய வாரம் கேட்டால் சம்பள உயர்வுக்கு அடிபோடுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்.