பழைய செங்கல் ஏன் விலை போகிறது?

நூறு வயதான ஒரு வீட்டை இடிக்க ஆள் கூப்பிட்டால், வருகிற ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் கூலி கேட்பதில்லை. அவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவதும் உண்டு. தேக்கு நிலை, கதவு, உத்தரம், ஓடு, செங்கல் என்று அவருக்கு அங்கே எல்லாமே சரக்கு. இருபது முப்பது வருடத்துக்குள் கட்டிய கான்கிரீட் வீடு என்றால் கணக்கு வேறு. அதில் நல்ல விலைக்குப் போவது கம்பிதான். சுவரும் தளமும் பெரும்பாலும் லாரியில் ஏறி, எங்கோ ஒரு பள்ளத்தையோ ஏரிக்கரையையோ மூடப் போய்விடும்.

இரண்டு வீட்டிலும் இருப்பது அதே சுட்ட செங்கல்தானே? ஒன்று மறுபடி சுவராகிறது, இன்னொன்று குப்பையாகிறது. ஏன்?

இடித்த இடத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். வேலியோரம் உட்கார்ந்து சிலர் செங்கல்லைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பழைய செங்கல்லில் அரை விரல் கனத்துக்கு வெள்ளைச் சாந்து ஒட்டியிருக்கும். சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் போதும், சாந்து பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். செங்கல்லின் மூலைகூடச் சிதையாது. அதே கையால் சிமெண்டுச் சுவரின் துண்டு ஒன்றைத் தட்டினால், கலவை அசையாது, செங்கல்தான் பிளக்கும்.

வெள்ளைச் சாந்து என்பது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கடற்கரைக் கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால், அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிஞ்சுகிற சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதகொதவென்று கொதித்து நீறும். அதை மணலோடு அரைத்துச் சுவரில் வைத்த பிறகுதான் சுவையான வேலை நடக்கிறது. காளவாயில் இழந்த அதே வாயுவைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுத்துக்கொண்டு, மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. மாதக்கணக்கில், கனமான சுவரில் வருடக்கணக்கில் இது நடக்கும். ஆனால் அப்படி உருவாகும் கல் மிருதுவானது, செங்கல்லைவிட பலம் குறைந்தது. சுவரை உடைக்கும்போது பலம் குறைந்த இடம்தானே முதலில் விடும்? சாந்து விட்டுக்கொடுக்கிறது, செங்கல் தப்பிக்கிறது.

சிமெண்டு இதற்கு நேர்மாறு. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறக்குறைய 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு அரைத்த பொடி அது. காற்றுக்காக அது காத்திருப்பதில்லை. தண்ணீர் பட்டவுடன் வினை தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளும் ஊசிகளும் வளர்ந்து செங்கல்லின் துளைகளுக்குள் புகுந்து பூட்டிக்கொள்கின்றன.

செங்கல்லில் துளையா என்று கேட்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். காய்ந்த செங்கல் ஒன்றை எடை போட்டுவிட்டு வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். 24 மணி நேரம் ஊறிய பிறகு மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது; 3 கிலோ செங்கல் என்றால் 600 கிராம். அதற்கும் மேல் குடித்தால் அது சரியாக வேகாத கல். பழைய செங்கல் வாங்குகிறவர்களுக்கு இன்னும் சுருக்கமான வழி ஒன்று உண்டு. இரண்டு கல்லை மோதிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் எடுத்து வைப்பார்கள், சத்தம் மந்தமாக வந்தால் ஒதுக்கிவிடுவார்கள்.

ஒரு செங்கல்லைக் காப்பாற்றுவது சின்ன விஷயம் இல்லை. வளமான மண்ணை வெட்டி, அறுத்து, காயவைத்து, ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூளையில் சுட்டிருக்கிறார்கள். அந்த மண் திரும்ப உருவாகப் பல தலைமுறை ஆகும். எரித்த விறகும் நிலக்கரியும் புகையாகிப் போயாயிற்று. எப்போதோ கொடுத்துவிட்ட விலை அது. கல்லை உடைத்து எறிந்தால் அத்தனையையும் இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

அப்படியானால் கான்கிரீட்டை என்ன செய்வது? அரைக்கலாம். டெல்லியில் புராரி என்ற இடத்தில் 2009 முதல் இதற்கென்று ஓர் ஆலை இயங்குகிறது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. இடிபாட்டை நொறுக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, சலித்து ஜல்லியாகவும் மணலாகவும் ஆக்குகிறார்கள். இரும்பு உலைக்குப் போய்த் திரும்பவும் கம்பியாகும். ஜல்லியில்தான் ஒரு சிக்கல். ஒவ்வொரு கல்லின் மேலும் பழைய கலவை ஒட்டிக்கொண்டே வரும். அது தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அதனால்தான் 2016-ல் வந்த இந்தியத் தர விதி, கம்பி போட்ட சாதாரண கான்கிரீட்டில் 20 சதவீதம் வரைதான் இந்த ஜல்லியைச் சேர்க்கலாம் என்கிறது. தரைக்கு அடியில் போடும் சிமெண்டு குறைந்த கான்கிரீட்டுக்கு முழுவதுமே இதைப் போடலாம். இடிபாட்டோடு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூரைத் துண்டுகள் கலந்துவிட்டால் மட்டும் ஆபத்து. அதிலுள்ள சல்பேட் சிமெண்டோடு வினைபுரிந்து, உள்ளே உப்பி, வெடிப்பு விடச் செய்யும். பிரித்து வைக்காத இடிபாடு நல்ல ஜல்லியாகாது.

இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, இந்தியக் குடிமகனாகவே ஆன லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். அவர் கட்டிய பல சுவர்களில் செங்கல்லைப் படுக்க வைக்காமல், குத்தாக நிறுத்தி அடுக்கியிருப்பார்கள். நடுவே காலி அறைகள் விழும். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம், செங்கல் மட்டும் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். கூரையிலும் அவர் இப்படித்தான் யோசித்தார். தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் கழித்துப்போட்ட ஓடுகளை வைத்து நிரப்பினார். எனக்குத் தெரிந்து, இடிபாட்டைச் சமாளிப்பதைவிடப் பெரிய வேலை இதுதான். பொருளை முதலிலேயே குறைத்துவிடுவது.

எல்லா வீட்டையும் பழையபடி சுண்ணாம்பில் கட்டு என்று நான் சொல்லமாட்டேன். பத்து மாடி நிற்க சிமெண்டு வேண்டும், சீக்கிரம் இறுகவும் வேண்டும். ஆனால் ஒரு தளம், இரண்டு தளம் உள்ள வீட்டின் சுவரில் கலவை செங்கல்லைவிடப் பலமாக இருந்து என்ன பயன்? ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்று ஒரு கலவை இருக்கிறது. வேண்டிய அளவு இறுகும், கரண்டிக்கு வழுவழுப்பாக வரும், பின்னாளில் செங்கல்லையும் அவ்வளவு இறுக்கிப் பிடிக்காது.

உடைந்துபோன செங்கல்லுக்கும் வழி உண்டு. நடுத்தரமாக வெந்த கல்லை மாவாக அரைத்துச் சுண்ணாம்போடு சேர்த்தால், தண்ணீருக்கு அடியிலும் இறுகும். சுட்ட களிமண்ணின் இந்தப் பொடிக்கு சுர்க்கி என்று பெயர். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டியதுதான்.