மரத்தடியில் ஒரு தேர்வு



தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் நான்கு சுவர்களும், வரிசையாக இடப்பட்ட மேசைகளும், மேற்பார்வையாளரின் காலடி ஓசையுமே உங்கள் நினைவுக்கு வரும். அத்தகைய கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலாவிய எனக்கும் அப்படித்தான். ஆதலால், காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் நடைபெறும் ஒரு தேர்வைப் பற்றி அறிந்தபொழுது எனக்கு வியப்போடு சிறிது பொறாமையும் உண்டாயிற்று. அதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

வட அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென நடத்தப்பெறும் இப்போட்டிக்கு என்விரோத்தான் என்று பெயர். 1979-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் தொடங்கியபொழுது இதனைச் சுற்றுச்சூழல் ஒலிம்பிக்ஸ் என்றே வழங்கினர். பின்னர் அமெரிக்காவின் பிற மாநிலங்களிலும் கனடாவிலும் பரவிற்று. இதனைத் தோற்றுவித்தவை மண், நீர்ப் பாதுகாப்பு வட்டாரங்கள் எனப்படும் உள்ளூர் அமைப்புகள். இவ்வமைப்புகள் பிறந்த கதையை அறிந்தால்தான் போட்டியின் போக்கு விளங்கும்.

1930-களில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் மழை பொய்த்தது. வேரோடிய புல்லால் கட்டுண்டு கிடந்த நிலத்தை அதற்கு முன்பே உழுது புரட்டியிருந்தார்கள். பிடித்துவைக்க வேரில்லாத மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போயிற்று. பகலே இருண்டது, குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. மண் அரிப்பின் கேட்டை ஓயாது எடுத்துரைத்து வந்த ஹியூ ஹாமண்ட் பென்னட் என்னும் அறிஞரின் முயற்சியால் 1935-இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1937-இல் அவர் பிறந்த வட கரோலினா மாநிலத்திலேயே முதல் பாதுகாப்பு வட்டாரம் அமைந்தது. சட்டம் செய்தால் மட்டும் மண் நிலைத்து நிற்குமா? நிலத்தை உழுபவனும், அவனுக்குப் பின் அதனை ஆளப்போகும் பிள்ளையும் மண்ணைப் பார்த்து அறிய வேண்டுமல்லவா?

ஒரு குழுவுக்கு ஐந்து மாணவர்கள். மண், நீர்வாழ் உயிர்கள், காடு, வனவிலங்கு என்ற நான்கு பொருள்களோடு, ஆண்டுதோறும் மாறும் ஒரு நிகழ்காலச் சிக்கலும் சேரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் குறித்திருப்பார்கள். குழு இடம்விட்டு இடம் சென்று விடையளிக்கும்.

மண்ணுக்குரிய இடத்தில் ஒரு குழி வெட்டியிருக்கும். மேலே மக்கிய இலைதழை கலந்த கறுத்த படலம். அதன்கீழே நிறம் மாறிய அடுக்குகள். ஈரமாக்கிய மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அழுத்தி நாடாப்போல் நீட்ட வேண்டும். ஓர் அங்குலத்துக்குள் முறிந்தால் களியின் பங்கு குறைவு. இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் அது களிமண். நம் நாட்டு உழவர் ஒரு பிடி மண்ணைக் கசக்கிப் பார்த்துச் சொல்வதும் இக்கலையே. அதற்கு மதிப்பெண் தருவார் இல்லை, அவ்வளவே. அடுக்குகளில் சாம்பல் நிறத் திட்டுகள் தென்பட்டால், ஆண்டில் பல நாட்கள் அங்கே நீர் தேங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். காற்றுப் புகாத இடத்தில் இரும்புச் சத்து தன் செந்நிறத்தை இழந்துவிடுகிறது. கோடையில் காய்ந்து கிடக்கும் நிலத்தைக் கண்டு வீடு கட்ட வருபவனுக்கு அந்தத் திட்டு ஓர் எச்சரிக்கை.

ஓடையில் நடப்பது இன்னும் சுவையானது. நீரைக் குப்பியில் எடுத்துச் சோதித்தால் அந்த வேளையின் நிலை தெரியும். நேற்று இரவு எவரேனும் கழிவைத் திறந்துவிட்டிருந்தால், காலையில் அது அடித்துச் செல்லப்பட்டிருக்கும். ஆனால் நீருக்கடியில் கல்லைப் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வாழும் சிறு உயிர்கள் பொய் சொல்வதில்லை. ஸ்டோன்ஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவ உயிர்களுக்கு உயிர்வளி நிறைந்த தூய நீர் வேண்டும். மாசு மிகுந்தால் அவை மறையும். சிலவகைப் புழுக்களும் அட்டைகளும் மாசையும் தாங்கும். கல்லைப் புரட்டி, எவை இருக்கின்றன, எவை இல்லை என்று கணக்கிடும் மாணவன் ஓடையின் கடந்த காலத்தையே படிக்கிறான்.

காட்டில் நாலரை அடி உயரத்தில் மரத்தின் குறுக்களவைக் கோல்கொண்டு அளப்பார்கள். விலங்குப் பகுதியில் மண்டை ஓட்டைக் கையில் தருவார்கள். கண்குழிகள் முன்நோக்கியிருந்தால் பெரும்பாலும் வேட்டையாடும் விலங்கு. பக்கவாட்டில் இருந்தால் வேட்டையாடப்படுவது.

இம்முறையிலும் எனக்கு ஒரு குறை தென்படுகிறது. குழுவினர் பொருள்களைப் பங்கிட்டுக்கொண்டால் மண் படித்தவன் மீனை அறியாமல் போகக்கூடும். இக்குறையைப் பெரிதும் போக்குவது வாய்மொழிப் பகுதி. பன்னாட்டுச் சுற்றில் ஒரு சிக்கலைக் கொடுத்து, ஆசிரியரின் துணையின்றி ஐவரும் கூடித் தீர்வு காணச் சொல்வார்கள். பிறகு நடுவர் முன் பேச வேண்டும். மேட்டு நிலத்தில் காட்டை வெட்டினால் மண் கரையும். கரைந்த மண் ஓடையின் கற்களுக்கிடையே படியும். அங்கு வாழும் சிறு உயிர்கள் அழியும். அவற்றைத் தின்னும் மீன் குறையும். மரத்தை அளந்தவனும் கல்லைப் புரட்டியவனும் தாம் கண்டது ஒரே கதை என்பதை அப்பொழுதுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ‘அப்படியானால் மேட்டு நிலத்துக்காரன் எப்படிப் பிழைப்பான்?’ என்று நடுவர் கேட்டால், அதற்கும் அவர்கள் விடை வைத்திருக்க வேண்டும்.