முதல் பந்தே எதிரணிக்கு!

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நாம் ஆடும் கால்பந்து அல்ல. நம் கால்பந்தை அவர்கள் 'சாக்கர்' என்பார்கள். அவர்களுடைய ஃபுட்பாலில் பந்து இரு முனையும் கூராக, முட்டை போல இருக்கும். அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி.

பந்தை யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர் 'குவாட்டர்பேக்'. யோசிக்க இரண்டு, மூன்று நொடிதான். அதற்குள் எதிரணித் தடியர்கள் மேலே விழுந்து அமுக்கிவிடுவார்கள்!

அப்படி ஒரு குவாட்டர்பேக்தான் ஜானி யூனிடாஸ். 1933-ல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். ஐந்து வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அவர் நடத்திவந்த நிலக்கரி வியாபாரத்தை அம்மாவே எடுத்து நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

1955-ல் சொந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸ் யூனிடாஸைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பயிற்சி ஆட்டங்களில் ஒருமுறைகூடக் களத்தில் இறக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பாவம், அப்போது அவருக்கு மனைவியும் குழந்தையும் இருந்தனர். பகலில் கட்டட வேலைக்குப் போனார். ஒரு உள்ளூர்க் குழுவில், ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு விளையாடினார். ஆட்டத்தை மட்டும் விடவில்லை.

1956-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் சிகாகோ பேர்ஸ் அணியுடன் ஆடியபோது முதன்மை குவாட்டர்பேக்குக்குக் காலில் அடிபட்டது. யூனிடாஸ் இறங்கினார். அவர் எறிந்த முதல் பந்தையே எதிரணி வீரர் பிடித்து, எல்லை வரை ஓடி 6 புள்ளி எடுத்துவிட்டார்! கோல்ட்ஸ் 27-58 என்று தோற்றது.

ஆனாலும் அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கி 1960 வரை, தொடர்ந்து 47 ஆட்டங்களில் அவர் எறிந்த பந்து 6 புள்ளி பெற்றுத் தந்தது. 2012 வரை அந்தச் சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

எப்படி முடிந்தது? பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் யூனிடாஸும் ரேமண்ட் பெர்ரி என்ற வீரரும் மைதானத்திலேயே இருப்பார்கள். இவர் எறிய, அவர் பிடிக்க, மறுபடி எறிய... அதன் பலன் 1958 டிசம்பர் 28-ல் தெரிந்தது.

அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி. எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. கோல்ட்ஸ் 14-17 என்று பின்தங்கியிருந்தது. யூனிடாஸ் அடுத்தடுத்து மூன்று பந்துகளை பெர்ரிக்கே எறிந்தார். மூன்றையும் பெர்ரி பிடித்தார். 62 கெஜம்! ஏழு நொடி மீதமிருக்கையில் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து, கோல்ட்ஸ் 17-17 எனச் சமன் செய்தது. இறுதிப் போட்டி ஒன்று கூடுதல் நேரத்துக்குப் போனது அதுவே முதல்முறை. அதில் யூனிடாஸ் அணியை 80 கெஜம் நடத்திச் சென்றார். 23-17, வெற்றி! இக்காலத்தில் பயிற்சியாளர் தலைக்கவச வானொலியில் திட்டம் சொல்லித் தருகிறார். அன்று ஒவ்வொரு திட்டத்தையும் களத்தில் நின்று சொன்னவர் யூனிடாஸேதான்.

1968-ல் முழங்கையில் பலத்த அடி. ஆனாலும் 1973 வரை ஆடினார். பின்னாளில் அந்த வலக்கை ஏறக்குறையச் செயலிழந்தது. உதவித்தொகை கேட்டார், மறுத்துவிட்டார்கள். எனக்கு இது நியாயமாகத் தோன்றவில்லை.

2002-ல் அவர் இறந்தார். கடைசிக் காலத்தில் கோல்ஃப் ஆடும்போது, வலக்கை விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாக மடக்கி, மட்டையோடு சேர்த்துப் பட்டையால் கட்டிக்கொள்வாராம்.