கண்ணும் கொஞ்சம் குடிக்கும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும் பாதை. இறங்கிக் கடைக்குள் நுழைந்ததும் ஊரிலிருந்து வந்தவர்களைக் கவனியுங்கள். தேயிலை வாங்க வந்தவர்கள் டப்பாவின் படத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். மூடிய டப்பாவில் வேறு எதைப் பார்ப்பது, பாவம்!

ஒரு குறும்பு செய்து பார்ப்போம். ஒரே தேயிலையில் பாதியைப் பச்சை மலையும் பனியும் வரைந்த டப்பாவிலும், மீதியைக் கசங்கிய பிளாஸ்டிக் பையிலும் போடுங்கள். இரண்டிலும் பால் சேர்க்காத தே ஓ கலக்கி, எது எதிலிருந்து வந்தது என்று சொல்லி, குடிக்கக் கொடுங்கள். "டப்பாத் தூள்தான் மணம்!" என்று யாராவது சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

நம் மூளை ஓர் அவசரக்காரன். நாக்கும் மூக்கும் செய்தி அனுப்பும்வரை காத்திருக்காது. கண் கொடுத்த குறிப்பை வைத்து, 'இது இப்படித்தான் இருக்கும்' என்று முன்கூட்டியே ஊகித்துவிடும். பிறகு வரும் சுவை அந்த ஊகத்தோடு கலந்துவிடும். இருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிவதும் இதே அவசரத்தால்தான்.

டப்பா மட்டுமல்ல, கோப்பையும் இந்த வேலையைச் செய்யும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே காப்பியை வெள்ளை, நீலம், கண்ணாடி எனப் பல குவளைகளில் கொடுத்தார்கள். வெள்ளைக் குவளையில் குடித்தவர்கள், கண்ணாடிக் குவளையில் குடித்தவர்களைவிடக் காப்பி 'திடமாக' இருப்பதாகச் சொன்னார்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் பழுப்பு நிறம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும் அல்லவா? அந்த அடர்த்தியை மூளை சுவையின் கணக்கிலும் எழுதிவிட்டது போலும்.

தேயிலையைச் சோதித்து ருசி பார்ப்பவர்கள் கோப்பையின் இந்த விளையாட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. உலகத் தர விதி ஒன்று இருக்கிறது: 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல், எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பீங்கான் கிண்ணம். பிறகு கரண்டியில் எடுத்து 'சர்ர்ர்' என்று சத்தமாக உறிஞ்சுவார்கள். வீட்டில் நாம் அப்படிச் செய்தால் திட்டுதான் கிடைக்கும். ஆனால் உறிஞ்சும்போது உள்ளே போகும் காற்று, வாசனையைத் தொண்டை வழியாக மூக்குக்கு ஏற்றிவிடுகிறது.

பாட்டுக்கும் கதைக்கும்கூட இப்படி டப்பா உண்டு. 1940 வரை இசைத்தட்டுத் தொகுப்புகள் பெரும்பாலும் வெறும் பழுப்பு அட்டையில்தான் வந்தன. அந்த ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் அட்டையில் படம் போட்டார். அதன்பின் ஊசி தட்டைத் தொடும் முன்பே பாட்டு எப்படி இருக்கும் என்று கண் ஊகிக்கத் தொடங்கிவிட்டது!

நம் கதை ஒன்று. 1950 முதல் கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது படம் வரைந்தவர் மணியம். எங்கள் தாத்தாவிடம் அந்தக் கதையின் நாயகன் வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்று கேட்டால், மணியம் வரைந்த முகத்தைத்தான் வருணிப்பார். நான் படித்ததோ படம் இல்லாத பதிப்பு. அதனால் என் வந்தியத்தேவனுக்கு இன்றுவரை எங்கள் தமிழ் வாத்தியாரின் முகம், மூக்குக்கண்ணாடி உட்பட.

வீட்டில் சோதிக்க ஆசையா? ஒரே கெண்டியிலிருந்து வெள்ளைக் கோப்பையிலும் கண்ணாடி டம்ளரிலும் தே ஓ ஊற்றுங்கள். இரண்டிலும் சீனியும் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். எது அதிகத் திடம் என்று தம்பியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து அவன் கண்ணைக் கட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். இந்த முறை கோப்பையை அவன் கையில் கொடுக்காமல் நீங்களே கரண்டியால் ஊட்டுங்கள். தொட்டுப் பார்த்தால்கூட எந்தக் கோப்பை என்று மூளை கண்டுபிடித்துவிடும்.