தேவதை வந்தாள்... அவள் கண்ணீரைத் துடைத்தது யார்?



என் நாத்தனார் பெண் காலேஜில் ஸ்பானிஷ் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், "இதைப் பாருங்க அத்தை" என்று 1961ல் வந்த ஒரு ஸ்பெயின் படத்தைப் போட்டுக் காட்டினாள். 'ஆ யெகாதோ உன் ஆங்ஹெல்' என்று பெயர். 'ஒரு தேவதை வந்திருக்கிறாள்' என்று அர்த்தமாம்.

அப்பா, அம்மா இல்லாத சிறுமி, காதிஸ் என்ற கடலோர ஊரிலிருந்து ரயிலேறி, மாட்ரிட்டில் இருக்கும் மாமா வீட்டுக்கு வருகிறாள். (சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாருக்கும் அங்கே 'தியோ' என்று ஒரே வார்த்தைதானாம்! நான் மாமா என்றே எழுதுகிறேன்.) மாமா வாயில்லாப் பூச்சி. வீட்டில் மாமி வைத்ததுதான் சட்டம். கையில் காசில்லாவிட்டாலும் ஜம்பத்துக்குக் குறைச்சலில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. வந்த பெண்ணை வாய் நிறைய "வா" என்றது வேலைக்காரம்மா ஒருத்திதான்! இசபெல் கார்செஸ் என்ற நடிகை அதில் அப்படியே வாழ்ந்திருக்கிறார்.

பிறகென்ன... சிறுமி ஆடிப் பாடி, எல்லோர் பிரச்னையையும் தீர்த்து வைக்கிறாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது நிஜம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பாவைப் பறிகொடுத்து வந்த குழந்தை அது. அந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் கிடைக்க, எல்லோருக்கும் உபகாரமாக இருந்து, பாடிக் காட்ட வேண்டுமா? சும்மா ஒரு மூலையில் உட்கார்ந்து அழ அதற்கு உரிமை இல்லையா?

நடித்த பெண்ணின் கதையைக் கேட்டபோது மனசு இன்னும் கனத்துப் போனது. சினிமாவில் மரிசோல். நிஜப் பெயர் ஹொசேஃபா ஃப்ளோரெஸ். 1948ல் மலாகாவில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றவர்கள் இருக்கும்போதே, படத் தயாரிப்பாளர் மாட்ரிட்டுக்கு அழைத்துப் போய்த் தன் வீட்டில் தங்க வைத்தார். தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் வேறு! 1960ல் முதல் படம். அடுத்த வருஷமே இந்தப் படம், பதின்மூன்று வயதில். படத்தில் அநாதையாக நடித்த பெண், நிஜத்திலும் அடுத்தவர் வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறது.

வளர்ந்த பிறகு அவர் மரிசோல் என்ற பெயரை விட்டு, பெப்பா ஃப்ளோரெஸ் ஆனார். 1985ல் சினிமாவையே விட்டு விலகினார். 2020ல் ஸ்பெயினின் பெரிய சினிமா விருதான கோயாவை, வாழ்நாள் கௌரவமாக அவருக்குக் கொடுத்தார்கள். விழா நடந்ததும் அவர் பிறந்த மலாகாவில்தான். அப்படியும் அவர் போகவில்லை. மூன்று மகள்கள் மேடையேறி வாங்கிக்கொண்டார்கள்.

- ஒரு வாசகி, ஈரோடு