மாற்றுத்திறனாளி மாணவரும் பிரிட்டனின் உதவித் தொகை விதிகளும்

பிரிட்டனில் முழுநேர மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கு வழி செய்வது கல்விக் கடன் ஏற்பாட்டின் பொறுப்பு. வேலையற்றோர்க்கும் நோயுற்றோர்க்கும் உதவுவது வேலை, ஓய்வூதியத் துறையின் பொறுப்பு. நிர்வாக வசதிக்காக வகுக்கப்பட்ட இப்பிரிவினையின் எல்லையில் சிக்கிக்கொள்பவர் மாற்றுத்திறனாளி மாணவரே.

2013ஆம் ஆண்டில் அங்கு இரு உதவித் தொகைகள் நடைமுறைக்கு வந்தன. ஒன்று, ஊனத்தால் நேரும் கூடுதல் செலவுக்கான ‘பர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்’. இதற்கு வருமான வரம்பு இல்லை. கல்லூரியில் சேர்ந்தாலும் விலகினாலும் உரிமை மாறுவதில்லை. மற்றது, வருமானத்தைக் கணக்கிட்டு வழங்கப்படும் ‘யுனிவர்சல் கிரெடிட்’. குழந்தையை வளர்ப்போர் போன்ற சிலர் நீங்கலாக, முழுநேர மாணவர்க்கு இது கிடையாது.

மாற்றுத்திறனாளிக்கும் விதிவிலக்கு உண்டு. முதல் தொகையைப் பெறுபவராகவும், வேலை செய்யும் திறன் குன்றியவர் என மதிப்பிடப்பட்டவராகவும் அவர் இருத்தல் வேண்டும். ஆனால், மாணவர்க்கு உரிமையே இல்லை என்று கூறி, அம்மதிப்பீட்டை நடத்தவே துறை மறுத்து வந்தது. மதிப்பீடு இன்றி உரிமை இல்லை. உரிமை இன்றி மதிப்பீடு இல்லை! 2020இல் வழக்கு உயர்நீதிமன்றம் சென்றபோது, இம்மறுப்பு சட்டத்திற்கு ஒவ்வாதது என்பதைத் துறை ஏற்றுக்கொண்டது. எனினும் மறுமாதமே விதி திருத்தப்பட்டது: விண்ணப்பத்திற்கு முன்னரே மதிப்பீடு முடிந்திருத்தல் வேண்டும். வேறொரு உதவித் தொகைக்கு விண்ணப்பித்து மதிப்பீட்டைப் பெற்றுக்கொள்ளும் வழி அப்போதும் திறந்திருந்தது. 2021 டிசம்பர் 15 முதல் அதுவும் அடைபட்டது. இப்போது மதிப்பீடு, படிப்புத் தொடங்குவதற்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். இத்திருத்தம் செல்லும் என 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதன் விளைவாக, ஒரே அளவு ஊனமும் ஒரே அளவு வறுமையும் உடைய இருவருள், முன்னதாக மதிப்பிடப்பட்டவர் உதவி பெறுகிறார். படிக்கும் காலத்தில் ஊனமுற்றவர் பெறுவதில்லை. தேவையைக் காட்டிலும் தேதிக்கு முதன்மை தரும் விதி என்றே இதைக் கூற வேண்டும். பள்ளியிறுதித் தேர்வு முடிவு ஆகஸ்டில் வெளியாகிறது. கல்லூரிகள் செப்டம்பரிலோ அக்டோபரிலோ திறக்கின்றன. மதிப்பீடு முடியவோ பல மாதங்கள் ஆவதுண்டு. ஆகவே, இடம் கிடைத்த பின் விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் காலங்கடந்தவரே ஆகிறார்.

நோயின் காரணமாக இடையில் படிப்பை நிறுத்தி வைப்பவரின் நிலை இன்னும் விந்தையானது. நிறுவனத்தின் இசைவுடன் விடுப்பில் இருக்கும் அவர், நோயுற்றிருக்கும் வரை மாணவராகவே கருதப்படுகிறார். குணமடைந்து, மீண்டும் சேரக் காத்திருக்கும் காலத்திற்கு மட்டும், அதுவும் ஓராண்டுக்கு மிகாமல், கல்விக் கடன் பெற இயலாதவராயின், விண்ணப்பிக்கலாம். படிப்பை அறவே கைவிட்டால் இத்தடை நீங்கிவிடுகிறது.

உரிமை பெற்றவர்க்கும் தொகை முழுமையாகக் கிடைப்பதில்லை. அவர் பெறக்கூடிய உச்சக் கடன் தொகை, வாங்காவிடினும், வருமானமாகக் கணக்கிடப்படுகிறது. மாதம் 110 பவுன் கழிக்கப்பட்டு, எஞ்சியது பவுனுக்குப் பவுனாகக் குறைக்கப்படுகிறது. திருப்பிச் செலுத்த வேண்டிய கடனை வருமானம் என்பது பொருளாதார நோக்கில் ஏற்கத்தக்கதன்று. மாற்றுத்திறனாளி மாணவர்க்கான தனிப் படித்தொகை இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.