கதை குடியிருக்கும் வீடு

விடைத்தாள் திருத்தும் பணியின் பொருட்டு, சென்ற விடுமுறையில் ஒரு கிழமை திருகோணமலையில் தங்க நேர்ந்தது. விடுதிகள் நிறைந்திருந்தமையால், உட்துறைமுகத்தை அடுத்த பழைய வீடொன்றின் முன்னறையை வாடகைக்குப் பெற்றேன்.

இரண்டு முழ அகலச் சுவர். யானை நுழையத்தக்க கதவு. ஆனால் அக்கதவோ உப்புக் காற்றில் ஊதிப்போய், தோள் கொடுத்துத் தள்ளினாலன்றித் திறவாது. தளமும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கீழே விழுந்த பேனா உருண்டோடி மூலையிற் சென்று ஒளியும். விடியற்காலையில் அதனைத் தேடுவதே எனது முதற் கடமையாயிற்று. எனினும், சாளரத்தைத் திறந்தால் கடற்காற்றுக்குக் குறைவில்லை.

வீட்டுக்கார அம்மையார் முதல்நாளே கூறிவிட்டார்: "இந்த அறையில ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தளபதி இருந்தவராம், ஐயா. அதுதான் வாடகை கொஞ்சம் கூட."

"யார் சொன்னது, அம்மா?"

"என்ர மாமி சொன்னவ."

சான்றில்லாக் கதைக்கும் வாடகையா என்று உள்ளூர நகைத்தேன். அந்நகைப்பு மறுநாள் மாலை வரையே நிலைத்தது.

மறுநாள், உடன் திருத்துநராக வந்திருந்த வரலாற்றாசிரியர் ஒருவரோடு பிரெடரிக் கோட்டைக்குச் சென்றேன். போர்த்துக்கேயர் 1622-ல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு எழுப்பிய கோட்டை அது. 1639-ல் ஒல்லாந்தரும், 1795-ல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். வாயிற் கல்லில் இரட்டைக் கயலும் தமிழ்ச் சாசனமும் இன்றும் உள. வேற்றார் கட்டிய வீட்டில் நம் கோயிற் கல் குடியிருக்கிறது.

உள்ளே, மான்கள் உலவும் மர நிழலில், வெலிங்டன் இல்லம் என வழங்கும் பழைய மனை நிற்கிறது. அதனைக் கண்டதும் என் நாவு தானாகவே தொடங்கிவிட்டது. "1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன், இளமையில் ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் பெயரோடு இங்கே தங்கினான். இவ்வீட்டில் நோயுற்றுக் கிடந்தமையால் தான் ஏறவேண்டிய கப்பலைத் தவறவிட்டான். அக்கப்பலோ கடலில் மூழ்கியது. இவ்வீடு அவனைக் காத்திராவிடில் ஐரோப்பாவின் வரலாறே மாறியிருக்கும்!"

நண்பர் பொறுமையுடன் கேட்டுவிட்டு, மெல்லக் கூறினார்: "அவன் 1800 டிசம்பரில் திருகோணமலைக்கு வந்தது மெய்தான். ஆனால் 1801 பெப்ரவரியில் படையோடு பம்பாய்க்குப் புறப்பட்டுவிட்டான். நோய் கண்டது பம்பாயில். எகிப்துப் போருக்காக அவன் ஏறவிருந்த சூசன்னா என்னும் கப்பல் செங்கடலில் அழிந்தது. கப்பல் மெய், நோய் மெய், தங்கியதும் மெய். நோய் கண்ட வீடு மட்டும் இதுவன்று."

இருபத்தைந்து ஆண்டுகளாக மாணவரை அம்மரத்தடியில் நிறுத்தி அக்கதையை ஓதி வந்தவன் யான். பாடபேதம் ஒன்றைக் கண்டால் ஏடுகளை ஒப்பிட்டுப் பாராமல் துணியாத பண்டிதன், ஒரு வீட்டின் வரலாற்றை மட்டும் செவிவழி கேட்டே நம்பினேன். அம்மையார் மாமியார் வாய்மொழிக்கு வாடகை கேட்டார். யான் என் ஆசிரியர் வாய்மொழிக்கு மாணவரின் வியப்பைக் கூலியாகப் பெற்றேன். இருவருள் நகைக்கத் தக்கவர் யார்?

பழைய வீடுகளில் கதைகள் குடியேறுவது இயல்பு. பெரியோன் ஒருவன் ஓரிரவு உறங்கினால், அவன் வாழ்வின் பெருநிகழ்ச்சி முழுவதையும் அவ்வூரார் அவ்வறைக்குள் அடைத்துவிடுவர். ஊர்ப்பற்று அதற்குக் காரணம், அது குற்றமன்று. ஆனால் பொய்க்கதை உரத்து ஒலிக்குங்கால், வாயிலிலுள்ள மெய்ச்சாசனம் படிப்பாரின்றிக் கிடக்கும். அச்சாசனத்தை விரைந்து கடந்து, அம்மனைக்கே மாணவரை நடத்திச் சென்றேன் என்பதே என்னை உறுத்திற்று.

புறப்படும் நாளில் இவ்வரலாற்றை அம்மையாரிடம் கூறினேன். அவர் சற்றே கலங்கி, "அப்ப வாடகையைக் குறைக்க வேணுமோ, ஐயா?" என்றார்.

"வேண்டாம், அம்மா. சாளரக் காற்று மெய்தானே!" என்று முழுத் தொகையையும் கொடுத்தேன்.

அடுத்த முறை மாணவரோடு செல்லும்போது முதலில் வாயிற் கல்லின் முன் நிற்போம். பின்னர் அம்மரத்தடியில் என் பிழையையும் சேர்த்தே சொல்லுவேன்.